கேப்டன் கேட்ட எஃகுப் பல்

என் கடைக்கு முதல் தடவையாக வருகிறவர்கள் என் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது என்பேன். அவர் இருந்த காலத்திலும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தது நான்தான், அவர் பேச்சை மட்டும் பார்த்துக்கொண்டார் என்பேன். நம்ப மாட்டார்கள். துப்பாக்கியைத் தராமல் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஆஞ்சலஸ் நகரத்துப் பழைய சந்தை மாடியில், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவனுக்கும் பள்ளிச் சீருடை தைக்கிறவளுக்கும் நடுவில் ஒரு பொம்பளை துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்.

நிஜத் துப்பாக்கி இல்லை. ஏர்சாஃப்ட். பார்க்க ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், முனையில் மட்டும் ஆரஞ்சு நிறம். உள்ளே பேட்டரி, மோட்டார், மூன்று கியர், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். மோட்டார் கியரைச் சுற்றும். கியர் பிஸ்டனின் பற்களைக் கவ்விப் பின்னால் இழுக்கும். பிடி விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் அறையும், அந்தக் காற்றில் பிளாஸ்டிக் குண்டு பறக்கும். இவ்வளவுதான் சமாச்சாரம். இதற்காகத்தான் எங்கள் ஊர் ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஓடட்டும், என் பிழைப்பும் அதில்தான். என் வயிற்றெரிச்சல் வேறு. வெளியே மாட்டுகிற கண்ணாடிக்கும் விளக்குக்கும் பட்டைக்கும் அள்ளி விடுவார்கள். உள்ளே போடுகிற கியர் என்று வரும்போது மட்டும், "அக்கா, இருக்கறதுலயே மலிவா பாத்துப் போடுங்க" என்பார்கள். மலிவானது அடுத்த மாதமே பல் உதிர்ந்து என் மேஜைக்கு வரும். என்னை முறைப்பார்கள்.

அதனால்தான் கிறிசாந்தோ வந்து கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிசாந்தோ குவான்சோன் எங்கள் அணியின் கேப்டன். அணிக்குப் பெயர் சாம்பல். எரிமலை வெடித்த வருஷத்தில் பிறந்தவர்கள் பாதிப் பேர் அதில் இருந்ததால் அப்படி வைத்தார்கள். அப்போதெல்லாம் அவர், இவர் என்றுதான் சொல்வேன். இப்போது நாக்கு வரமாட்டேன் என்கிறது. ஆள் வாட்டசாட்டம், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. உல்லாசக் கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் பாட்டுக்காரர்கள், வாத்தியக்காரர்களைப் பொறுக்குகிற வேலை அவனுடையது. அவன் தலையாட்டினால் கப்பல், ஆட்டாவிட்டால் கல்யாண வீட்டு மேடை.

விளையாட்டில் அவனுக்கு இருந்த மரியாதையே தனி. குண்டு பட்டால் சட்டையில் கறை விழாது, தூரத்தில் நின்று ஆட்டத்தைக் கண்காணிக்கிற மார்ஷலுக்கும் தெரியாது. பட்டவனே கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் எங்கள் ஆட்டத்தின் கட்டு. பட்டும் படாதது மாதிரி நிற்கிறவனை எருமைத்தோல் என்போம். அந்தப் பெயரை வாங்கினவனோடு யாரும் ஒரே தட்டில் சிசிக் கறி சாப்பிட மாட்டார்கள். கிறிசாந்தோ என்றால், பக்கத்துச் சுவரில் குண்டு பட்டாலும் கையைத் தூக்குவான். இலை உரசினாலும் தூக்குவான். புதிதாக வருகிற பையன்களிடம், "கேப்டனைப் பாத்துக் கத்துக்குங்கடா" என்று மார்ஷல் பெனிக்னோ சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவன் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

"அக்கா, உள்ள இருக்கறது எல்லாத்தையும் கழட்டி வீசுங்க. நாள்பட உழைக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. திரும்பத் திரும்பப் பிரிக்கற வேலை இருக்கக் கூடாது."

எனக்குப் பண்டிகை வந்த மாதிரி இருந்தது. இழுப்பறைகளைத் திறந்து எல்லாவற்றையும் பரப்பினேன். கியர் வார்த்தது வேண்டாம், கட்டி எஃகில் வெட்டி எடுத்தது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அச்சுக்குப் பையன்கள் எல்லாரும் பேரிங் பேரிங் என்று பறப்பார்கள். சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும், பளு ஏறினால் அதற்குள் இருக்கிற பொடிக் குண்டுகள் நொறுங்கி கியருக்குள்ளேயே விழுந்து தொலைக்கும். புஷ் என்கிற எஃகு வளையம் போட்டால் சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனால் என் காலத்துக்கும் இருக்கும். மோட்டார் வேகத்துக்குப் பார்க்காமல் இழுவைக்குப் பார்த்து எடுத்தேன். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் முகப்பில் அடி வாங்க ஒரு கெட்டி ரப்பர். எல்லாவற்றுக்கும் அவன் சரி சரி என்றான்.

பிஸ்டனில்தான் தகராறு. நான் நைலான் பிஸ்டன் போடுவேன், கியர் முதலில் கவ்வுகிற பல் மட்டும் எஃகாக இருக்கும். அவனுக்கு எல்லாப் பல்லும் எஃகாக வேண்டும்.

"கேப்டன், உள்ள ஏதாவது ஒண்ணு சிக்கிச்சுன்னா அந்த அடி எங்கயாவது போய் இறங்கணும். நைலான் பல்லு வழிச்சுக்கிட்டுப் போனா போகட்டும், புதுசு மாட்டிக்கலாம். எல்லாமே எஃகா இருந்தா எதுவும் விட்டுக்குடுக்காது. கடைசில இதையெல்லாம் மூடியிருக்கற கூடு விரியும்."

"விரியட்டும் அக்கா. பாதி ஆட்டத்துல பல்லு போச்சுன்னு நான் வெளிய வந்து நிக்கக் கூடாது."

இன்னொன்றும் கேட்டான். ஸ்பிரிங்கைப் பின்பக்கமாகவே உருவி மாற்றுகிற வசதி. துப்பாக்கியின் பின்கட்டையைக் கழற்றி ஒரு சாவியைத் திருகினால் பழைய ஸ்பிரிங் வெளியே, புதிது உள்ளே. பல் குத்துகிற நேரம்கூட ஆகாது. திறந்தவெளிக்குப் பலமானது, கட்டடத்துக்குள் மென்மையானது என்று இரண்டு வைத்திருப்பவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. ஆனால் அவன் என்னிடம் வாங்கியது மென்மையான ஸ்பிரிங் மட்டும்தான். இந்த ஸ்பிரிங்குக்கு எஃகுப் பல் எதற்கு என்று கேட்டேன். சிரித்தான். இந்த எருமைத்தோல்காரன்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, நாம் ஒழுங்காகக் கத்துகிறோம், அவன்கள் கல்லுமாதிரி நிற்கிறான்கள் என்று அங்கலாய்த்தான். அதற்கும் பிஸ்டன் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நல்ல சாமான் கேட்கிற ஒருத்தன் கிடைத்தான் என்ற குஷியில் இருந்தேன்.

டெல்ஃபின் அன்றைக்குக் கடையில்தான் இருந்தான். என் தம்பி. துண்டு வாஷர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, கேப்டனுக்குக் காப்பி வாங்கி வந்துகொண்டு. அவனுக்குத் துப்பாக்கி ஒரு பொழுதுபோக்கு. பிழைப்பு டிரம்பட். ஊர் பேண்டில் அரை டவுசர் காலத்திலிருந்து ஊதினவன். அப்பாவுக்குக் கால் போன பிறகு வீடு நின்றதே அவன் உதட்டில்தான். கிறிசாந்தோ ஏஜென்சி மூலமாக ஏற்கெனவே கப்பலில் போய் வந்திருந்தான். அந்த நன்றிக்கு மகளின் ஞானஸ்நானத்துக்குக் கிறிசாந்தோவையே ஞானத்தகப்பனாக நிற்க வைத்தான். இந்த மழைக்காலத்தில் மறுபடி கப்பல் ஏற வேண்டும். இந்தத் தடவை முதல் டிரம்பட். அந்த ஒரு வார்த்தையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கில்லை. அவன் பெண்டாட்டி அதற்குள் சமையலறைக்குக் கூரை மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மே மாதம் பன்றிப் பண்ணையில் ஆட்டம். மூடிக் கிடக்கிற பண்ணை. கொட்டில்களுக்கு நடுவே குறுகிய சந்துகள், முட்டியளவு சிமெண்ட் சுவர்கள். வருஷக்கணக்காகப் பன்றி இல்லை, நாற்றம் மட்டும் போகவில்லை. அங்கே எல்லாம் கிட்டத்தில் நடக்கும் என்பதால் குண்டின் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகமானி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் பெனிக்னோ பச்சை டேப் ஒட்டுவார். அப்புறம் எல்லாரும் வட்டமாக நின்று ஜெபம் செய்துவிட்டு இறங்குவார்கள். கிறிசாந்தோ துப்பாக்கி வேகமானியில் ஒழுங்காகத்தான் காட்டியது. நான் ஓரமாக மேஜை போட்டு, பழுதாகி வருகிறவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அணியையே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். டெல்ஃபின் கேப்டனுக்கு எதிர்ப்பக்கம். புழுக்கத்தில் எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியில் மூச்சு படர்ந்தது. கண்ணாடியைக் கழற்றினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயை மூடுகிற வலைமூடியைக் கழற்றலாம், அதைக் கட்டாயமாக்கவில்லை. பாதிப் பேர் இறக்கிவிட்டிருந்தார்கள். டெல்ஃபினும் இறக்கியிருக்கிறான். ஒரு கொட்டில் மூலையில் திரும்பியபோது எதிரே கிறிசாந்தோ, கை நீட்டினால் தொடுகிற தூரம். அவ்வளவு கிட்டத்தில் சுடக் கூடாது, "சரண்" என்று கத்த வேண்டும். கத்தினால் எதிராளி கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுவான். கிறிசாந்தோ கத்தவில்லை.

டெல்ஃபின் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "ஹிட்" என்றான். அந்தச் சொல்லோடு ரத்தமும் வந்தது. பழக்கம் அப்படி. வாயைப் பொத்துவதற்கு முன்னால் கையைத் தூக்கியிருக்கிறான். மேல்வரிசையில் முன்பல் ஒன்று பாதிக்கு மேல் இல்லை, அடுத்தது ஆடியது, உதடு கிழிந்து தொங்கியது. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கண்ணில் வலி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. நாக்கால் பல் இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். டிரம்பட் ஊதுகிறவனுக்கு உதட்டைத் தாங்கி நிற்பது அந்த முன்பற்கள்தான்.

கிறிசாந்தோ பதறியடித்துக்கொண்டு, காரைக் கொண்டுவருகிறேன் என்று துப்பாக்கியும் கையுமாக ஓடினான். கார் வந்தது. நான் தம்பியைப் பின் சீட்டில் ஏற்றினேன். பெனிக்னோ முறையான மனுஷர், காயம் என்றால் சுட்ட துப்பாக்கியைத் திரும்ப வேகமானியில் வைத்தே ஆக வேண்டும் என்றார். கிறிசாந்தோ காருக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான். வேகம் சரியாகத்தான் இருந்தது. கிட்டத்தில் சுட்டது தப்பு, ஆனால் எதிரே வந்த அதிர்ச்சியில் விரல் அமுங்கிவிட்டது என்றான். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேப்டன் ஆயிற்றே.

பல் டாக்டர் வேரை எடுக்காமல் மேலே ஒரு உறை போட்டார். ஆடின பல்லைக் கம்பி வைத்துக் கட்டினார். உதட்டில் தையல். டெல்ஃபின் தையல் பிரித்த அன்றே டிரம்பட்டை எடுத்துவிட்டான். கீழ்ச் சுரங்கள் ஒரு மாதிரி வந்தன. மேலே போனால் காற்று ஓரமாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு என் மருமகள் சிரித்தாள், குழந்தைதானே. அவன் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். கப்பல் பேண்டின் தலைவருக்கு வீடியோவில் ஊதிக் காட்டினான். அந்த மனுஷர் நல்லவர். உதடு புதுப் பல்லுக்குப் பழகக் கொஞ்சம் மாதம் ஆகும், அவசரப்படாதே, ஏஜென்சி உன் பெயரை வைத்திருந்தால் அடுத்த கப்பலில் உன்னையே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். ஆகக் கூடி, எல்லாம் கிறிசாந்தோ கையில் வந்து நின்றது.

அந்தக் கிறிசாந்தோ ஒரு புதன்கிழமை துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். சத்தம் ஒரு மாதிரி மாறிவிட்டதாம், இரண்டு நாளாகச் சுடவே இல்லையாம். வைத்துவிட்டுப் போனான்.

பிரித்தேன். கியரில் ஒரு பல் போகவில்லை. எஃகுப் பிஸ்டன் போட்டது போட்டபடி இருந்தது. புஷ் அசையவில்லை. நான் பொறுக்கிக் கொடுத்த சாமான் எல்லாம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. கூடு மட்டும் முன்பக்கம் மேலிருந்து கீழே விரிந்திருந்தது. அடி வாங்கப் போட்ட கெட்டி ரப்பர் நசுங்கித் தகடாகியிருந்தது. அந்த மென்மையான ஸ்பிரிங்கை வைத்து வருஷக்கணக்கில் சுட்டாலும் ரப்பர் இப்படி ஆகாது. ஸ்பிரிங் உட்காருகிற தண்டில் வேறொரு கெட்டிக் கம்பி சுற்றிச் சுற்றி உரசின தடம் பளபளவென்று இருந்தது. என் ஸ்பிரிங்கை அதில் வைத்துப் பார்த்தேன், அந்தத் தடத்தில் உட்காரவில்லை. யானையைக் கட்டுகிற ஸ்பிரிங் ஒன்றை வைத்து அவன் சுட்டிருக்கிறான். டேப் ஒட்டின பிறகு மாற்றியிருக்கிறான். காரை எடுக்க ஓடினபோது திரும்ப மாற்றியிருக்கிறான். மலிவான பிஸ்டன் போட்டிருந்தால் அந்த ஸ்பிரிங்குக்கு முதல் நாளே பல் வழித்துக்கொண்டு நின்றிருக்கும். என் தம்பி பல்லும் இருந்திருக்கும்.

 அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துப்பாக்கியைப் பிரித்தால் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறான். வேறு கடையில் கொடுத்தால் வெளியே போய்விடும். இவள் வாயைத் திறக்க மாட்டாள், தம்பி பெயர் நம் ஏஜென்சி மேஜையில் இருக்கிறது என்ற தைரியம்.

மறுநாள் வந்தான். விரிந்த கூட்டை அவன் முன்னால் வைத்தேன்.

"என்ன ஸ்பிரிங் போட்டீங்க கேப்டன்?"

கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மறுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"இந்த எருமைத்தோல்காரனுங்களுக்கு உறைக்கணும்னுதான் அக்கா. நம்ம டெல்ஃபினுக்கா போட்டேன்? அவன் என் மச்சான்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை வட்டத்துல நின்னு சொல்லுங்க."

"சொல்லலாம். சொன்னா என்னைத் தடை பண்ணுவாங்க, அணியும் கலையும். அவன் பல்லு திரும்பி முளைக்குமா? அவனைக் கப்பல்ல ஏத்தறதைப் பாப்போம் அக்கா. அதுக்கு நான் இருக்கேன்ல."

அவன் குரலில் மிரட்டல் ஒரு சொட்டு இல்லை. பாசமாகத்தான் பேசினான். புதுக் கூடு போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, டெல்ஃபின் மகளுக்கு என்று ஒரு கேக் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அதை டெல்ஃபினிடம் சொன்னேன், கூட்டையும் காட்டினேன். விரலால் விரிசலைத் தடவிப் பார்த்தான். விடு அக்கா என்றான். எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. நீ விடு, நான் விட மாட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டையும் நசுங்கின ரப்பரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கிறிசாந்தோ அன்று ஒரு பையனிடம் துப்பாக்கி இரவல் வாங்கியிருந்தான். ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னதும் வட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். இதுவரை நான் அந்த வட்டத்துக்குள் போனதில்லை. பழுது பார்க்கிறவள் ஓரமாகத்தான் நிற்பேன்.

என்ன சாமான் போட்டேன், என்ன ஸ்பிரிங் கொடுத்தேன், எது விரிந்தது, ஏன் விரிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். இவர்கள் எல்லாரும் துப்பாக்கியோடு தூங்குகிறவர்கள், விளக்கவே வேண்டாம், பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒருத்தன் ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.  பெனிக்னோவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கேப்டன், நீங்களே சொல்லிடுங்க," என்றார் அவர்.

எல்லாரும் கிறிசாந்தோவைப் பார்த்தார்கள். இலை உரசினாலும் கையைத் தூக்குகிறவனாயிற்றே. கை தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். அவன் பார்வை என்மேல் இல்லை, டெல்ஃபின்மேல் இருந்தது.

டெல்ஃபின் ஓரடி முன்னால் வந்தான்.

"அக்கா பாசத்துல பேசுது. தப்பு என்னோடது. வாய்மூடிய எறக்கி விட்டது நான். பாக்காம மூலைல திரும்புனதும் நான். கேப்டன் மேல ஒண்ணும் இல்லை. என் கவனக்குறைவு."

புதுப் பல்லில் 'த' கூட ஒழுங்காக வரவில்லை, ஆனால் சத்தமாகத்தான் சொன்னான். பெனிக்னோ அவனை நெடுநேரம் பார்த்தார். சரி, பட்டவனே சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று டேப் உருளையைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் ஆட்டத்தின் கட்டு அதுதானே, பட்டவன் சொல்வதுதான் கடைசி. அத்தனை பேரும் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. யாருக்கும் கேப்டனை இழக்க மனசில்லை. கிறிசாந்தோ வந்து டெல்ஃபினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. யாரோ கை தட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள். கூட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டில்களுக்குள் ஓடினார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஜீப்னி வண்டியில் நான் டெல்ஃபினுக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவனே சொன்னான்:

"எனக்கு நியாயம் வேணாம் அக்கா. கப்பல் வேணும்."

 என்னிடம் கப்பல் இல்லையே.

அதற்கப்புறம் அவன் சாதித்துவிட்டான், அதைச் சொல்லத்தான் வேண்டும். தினமும் விடிந்ததும் ஊர் பேண்டு வாத்தியங்கள் வைக்கிற கொட்டகைக்குப் போய் ஊதினான். உதடு வீங்கினால் ஐஸ் வைத்துக்கொண்டு ஊதினான். ஊதுவாயை ஒரு நூலளவு ஓரமாக நகர்த்தி வைத்து, புதிதாகக் கற்கிறவன் மாதிரி அடியிலிருந்து வந்தான். ஜூலையில் ஒரு சாவுக்கு வாசித்தபோது மேல்சுரம் ஒன்று சுத்தமாக நின்றது. பேண்டில் இருந்தவர்கள் வாசிப்பதை நிறுத்தாமலே அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் பான் டெ சால் ரொட்டி வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். கப்பல் பேண்டு தலைவருக்கு மறுபடி ஊதிக் காட்டினானாம், ஏஜென்சியிலிருந்து பெயர் வந்தால் போதும் என்றாராம். அவன் சிரித்து நான் அவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை.

நாங்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே கிறிசாந்தோ படியேறி வந்தான். துப்பாக்கிக்காக. நான் வேண்டுமென்றே அதைத் தொடாமல் வைத்திருந்தேன். புதுக் கூடு மட்டும் அவனே வரவழைத்து அனுப்பியிருந்தான். சாமான் எல்லாம் தட்டில் தனித்தனியாகக் கிடந்தன.

ஸ்டூலில் உட்கார்ந்தான். டெல்ஃபின் தோளில் கையைப் போட்டான். அந்த முதல் டிரம்பட் இடத்துக்கு வேறு ஒரு பையனை அனுப்பியாகிவிட்டது என்றான். டெல்ஃபின் இன்னும் வாயில் இருந்த ரொட்டியை மெல்லவில்லை.

"மேல்சுரம் வந்துருச்சு கேப்டன்," என்றான். "அவரே கேட்டுட்டாரு."

"தெரியும் மச்சான். வாசிப்புல ஒரு குறையும் இல்லை. கம்பெனிக்காரன் காயம் எப்படி ஆச்சுன்னு எழுதிக் கேட்டான். இன்ஷூரன்ஸ்காரன் கேக்கறானாம். அடுத்தவன் பண்ணினதுன்னா விபத்துன்னு போயிருக்கும். நீயே எல்லார் முன்னாடியும் என் கவனக்குறைவுன்னு சொல்லிட்ட. அத்தனை பேர் கேட்டது, நான் மாத்தி எழுத முடியுமா? கவனமில்லாத ஆளைக் கப்பல்ல எடுக்கறதில்லைன்னு சொல்லிட்டானுங்க."

சொல்லும்போது அவன் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அடுத்த வருஷம் வேறு கம்பெனி வரும், அதில் உன்னைத்தான் முதலில் நினைத்துக்கொள்வேன் என்றான். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் துப்பாக்கி ஆகிவிடுமா அக்கா என்றான்.

தட்டை எடுத்து அவன் முன்னால் கவிழ்த்தேன். கியர் ஒன்று உருண்டு கீழே விழுந்து தையல்காரி காலடிக்குப் போயிற்று.

"எடுத்துக்கிட்டுப் போங்க. இனி இந்தக் கைக்கு உங்க துப்பாக்கி ஆகாது."

அவன் எழுந்திருக்கவில்லை, கோபப்படவும் இல்லை. டெல்ஃபினைப் பார்த்தான், அவ்வளவுதான். டெல்ஃபின் வாயில் இருந்ததை விழுங்கினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். குனிந்து போய் அந்தக் கியரை எடுத்து ஊதிவிட்டு வந்தான். என் ஸ்டூலை இழுத்துப் போட்டு, புதுக் கூட்டைத் திறந்து, புஷ்களை ஒவ்வொன்றாக அமுக்கி உட்கார வைக்க ஆரம்பித்தான். என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. என்னைவிடப் பொறுமையாகச் செய்தான். அச்சில் துண்டு வாஷர் போட்டு, கியரைச் சுற்றிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டு, திருப்தியில்லாமல் இன்னொரு வாஷர் போட்டான். எஃகுப் பிஸ்டனைக் கையில் எடுத்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான்:

"கிரீஸ் டப்பா எங்கக்கா?"

கிறிசாந்தோ எங்கள் ரொட்டியில் ஒன்றை எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தான். டப்பா என் பின்னால்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.